கை அறிந்த அளவு



பிஸ்கட் என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? மாலைவேளையில் தேநீரில் தோய்த்து உண்ணும் மொறுமொறுப்பான பண்டம்தானே? இருமுறை சுடப்பட்டது என்பதே அச்சொல்லின் பழைய இலத்தீன் பொருள். ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அதே சொல் முற்றிலும் வேறொன்றைக் குறிக்கிறது. அங்கே பிஸ்கட் ஒரே முறை சுடப்படுவது. வெளியே பொன்னிறமாயும் உள்ளே பஞ்சு போன்றும் இருக்கும். கையால் பிட்டால் ஏடு ஏடாகப் பிரியும். அதை இரண்டாகப் பிளந்து, பன்றியிறைச்சியும் மாவும் பாலும் சேர்த்துக் காய்ச்சிய வெண்ணிறக் குழம்பை அதன்மேல் ஊற்றிக் காலை ஆகாரமாக உண்பார்கள். அந்தக் குழம்பைக் கிரேவி என்பார்கள். நம் வீடுகளில் வெங்காயமும் மசாலாவும் அரைத்துச் செய்கிற கிரேவிக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமையில்லை.

அயல்நாட்டுக் காலை உணவைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் தங்களோடு சுமந்துவந்த உணவு அது. அதனிமித்தம் பரிகாசத்துக்கு உள்ளானார்கள். அப்படியிருந்தும் அதைக் காத்துக்கொண்டார்கள். மும்பையிலும் புனேயிலும் டெல்லியிலும் வாழுகிற நமக்கு அந்தக் கதையில் கற்றுக்கொள்ள ஒரு காரியம் உண்டு.

2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஊழியத்தின் நிமித்தமாக டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்குச் சென்றிருந்தேன். அப்பலாச்சியா என்னும் நெடிய மலைத்தொடர் அவ்வழியே செல்லுகிறது. மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில், எழுபத்தெட்டு வயது நிரம்பிய ஒரு விதவைத் தாயாரின் வீட்டில் ஒரு வாரம் தங்கினேன். ஐம்பத்தேழு வயதான அவருடைய மகனும் அவருடன் வசித்துவந்தார். அதிகாலை ஐந்து மணிக்கே அந்த வீட்டின் சமையலறையில் விளக்கு எரியும். மாவு பிசைபவர் மகன். பக்கத்தில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பவர் தாயார். மூட்டுவாதத்தினால் அந்தத் தாயாரின் விரல்கள் கோணிப்போய், மாவைத் தாமே கையாள முடியாத நிலைக்கு வந்துவிட்டிருந்தன.

மகன் செய்ததை நான் மூன்று நாட்கள் அருகிலிருந்து கவனித்தேன். அகன்ற மரக் கிண்ணத்தில் மாவைக் கொட்டுவார். அது அந்தப் பகுதியில் விளையும் மென்கோதுமையின் மாவு. அதில் புரதம் குறைவு. ஆகவே பிசையும்போது சப்பாத்தி மாவைப்போல் இழுபடாது. மென்கோதுமை மாவுக்குப் பேர்பெற்ற ஒயிட் லில்லி ஆலை 1883இல் அதே மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்திலேதான் தொடங்கப்பட்டது. மாவுடன் உப்பும் பேக்கிங் பவுடரும் சேர்த்தபின், குளிர்ந்த கொழுப்பை அதில் இட்டு விரல்நுனிகளால் உதிர்ப்பார். கொழுப்பு உருகிவிடலாகாது, பட்டாணி அளவுத் துணுக்குகளாக மாவெங்கும் நிற்கவேண்டும். ஓவனின் வெப்பத்தில் அந்தத் துணுக்குகள் உருகும்போது அங்கங்கே சிறு இடைவெளிகள் உண்டாகின்றன. ஈரம் ஆவியாகி அந்த இடைவெளிகளை விரிக்கிறது. பிஸ்கட் ஏடு ஏடாக எழும்புவதன் இரகசியம் இதுவே.

பிறகு நடுவிலே குழி செய்து கெட்டியான மோரை ஊற்றி, கையை விரித்து நாலைந்து சுற்றுச் சுற்றுவார். இந்த இடத்தில்தான் தாயாரின் பங்கு ஆரம்பமாகும். மகன் கிண்ணத்தை அவர்களுக்கு முன்பாக நீட்டுவார். அவர்கள் கோணிய சுட்டுவிரலின் புறத்தால் மாவை மெல்லத் தொட்டுப்பார்த்து, "இன்னும் கொஞ்சம் மோர்" என்பார்கள். அல்லது "போதும், இனி தொடாதே" என்பார்கள். மழைநாளில் மாவு ஈரத்தை ஏற்கெனவே உறிஞ்சியிருக்கும். வறண்ட நாளில் கூடுதலாகக் கேட்கும். ஆகையால் ஒரு நாளின் அளவு மறுநாளுக்குப் பொருந்துவதில்லை. அந்த வீட்டில் அளவுகோப்பை ஒன்றையும் நான் காணவில்லை.

மாவைப் பலகையில் தட்டி, மடித்து, மீண்டும் தட்டி, இருபுறமும் திறந்த ஒரு பழைய தகர டப்பாவினால் வட்டமாக வெட்டுவார். வெட்டும்போது நேராக அழுத்தவேண்டும். திருகினால் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு பிஸ்கட் எழும்பாது. வார்ப்பிரும்பு வாணலியில் ஒன்றையொன்று தொடும்படி அடுக்கி, சுமார் 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் பதினைந்து நிமிடம் வைப்பார். நெருக்கி அடுக்குவதால் அவை பக்கவாட்டில் பரவாமல் மேல்நோக்கி எழும்பும்.

பிஸ்கட் வேகுவதற்குள் கிரேவி ஆயத்தமாகிவிடும். சேஜ் என்னும் மணமுள்ள இலையும் மிளகும் சேர்த்துக் கொத்திய பன்றியிறைச்சி சுமார் 450 கிராம். இதுவே அவர்களுடைய காலை சாசேஜ். அதை வாணலியில் உதிர்த்துச் சிவக்க வறுப்பார். கசியும் கொழுப்பை வடித்துக் கொட்டமாட்டார். அதன்மேல் நான்கு மேசைக்கரண்டி மாவைத் தூவி, பச்சை வாசனை நீங்கும்வரை கிளறுவார். பின்பு மூன்று கோப்பைப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் பிடித்திருப்பதையெல்லாம் சுரண்டிக் கலக்குவார். சில நிமிடங்களில் குழம்பு கெட்டியாகும். கடைசியில் தாராளமாக மிளகுத்தூள். அவ்வளவுதான்.

இந்தச் சமையலின் ஞானத்தை உற்றுப்பாருங்கள். அரைக்கிலோவுக்கும் குறைவான இறைச்சி எட்டுப்பேரின் வயிற்றை நிரப்பிவிடுகிறது. ஒரு சொட்டுக் கொழுப்பும் வீணாவதில்லை. மலைகளில் மரம் அறுக்கும் முகாம்களிலிருந்த தொழிலாளருக்கு இது அன்றாட உணவு. ஆகவே மர அறுவை ஆலைக் குழம்பு என்றும் இதற்கு ஒரு பெயருண்டு. நாலு துண்டு கருவாட்டை வைத்து ஒரு சட்டி குழம்பு கூட்டி, வீட்டார் அனைவரையும் பசியாற்றுகிற நம் தாய்மாரின் ஞானமும் இதுவே அல்லவா? வறுமை எந்தத் தேசத்திலும் ஒரே விதமான புத்தியைக் கற்றுத்தருகிறது.

இந்த உணவின் பின்னால் ஒரு விசித்திரமான வரலாறும் உண்டு. அந்த மலைநாட்டு மக்களின் அன்றாட அப்பம் ஆதியில் கோதுமையினால் ஆனதன்று. மக்காச்சோள மாவினால் ஆனது. வெள்ளைக் கோதுமை மாவு விருந்தாளிகளுக்கும் விசேஷ நாட்களுக்கும் உரியதாயிருந்தது. கென்டக்கி மாநிலத்தின் ஹிண்ட்மன் என்ற மலையூரில், கேத்தரின் பெட்டிட், மே ஸ்டோன் என்னும் இரு பெண்மணிகள் 1902இல் ஒரு பள்ளியை நிறுவினார்கள். மலைமக்களின் வாழ்க்கையை உயர்த்துவதே அவர்கள் நோக்கம். அதற்கென்று அவர்கள் கற்பித்தவற்றில் ஒன்று, சோள ரொட்டிக்குப் பதிலாகக் கோதுமை பிஸ்கட் செய்வது! மாவை அரைமணி நேரத்துக்கும் மேலாகக் கட்டையால் அடித்துச் செய்கிற பழைய வகை பிஸ்கட் அது. சோள ரொட்டி நாகரிகமற்றவர்களின் உணவென்றும், பிஸ்கட் நாகரிகமுள்ளவர்களின் உணவென்றும் அன்று எண்ணப்பட்டது. பின்பு இரயில்வண்டியும் உருளை ஆலைகளும் வெள்ளை மாவை மலிவாக்கின. பேக்கிங் பவுடர் கடைக்கடையாக விற்கப்பட்டது. அடிக்கிற பாடும் நீங்கியது. இவ்விதமாய் பிஸ்கட் ஏழையின் அடுப்புக்கும் வந்துசேர்ந்தது.

ஐம்பது ஆண்டுகளுக்குள் காற்று திசைமாறியது. 1940க்கும் 1970க்கும் இடையே முப்பது லட்சத்துக்கும் அதிகமானோர் அப்பலாச்சிய மலைகளை விட்டு வடதிசை நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்கள் வந்து ஆட்களின் வேலையைப் பறித்துக்கொண்டன. சிறு நிலங்கள் குடும்பத்தைப் போஷிக்கப் போதவில்லை. டெட்ராய்ட், சின்சினாட்டி, சிகாகோ, ஆக்ரன் ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகள் அவர்களை அழைத்தன. டென்னசி, கென்டக்கி மலைகளைக் கடந்து ஒஹையோ வழியாக மிச்சிகனுக்குச் செல்லும் 23ஆம் எண் நெடுஞ்சாலையில் பழைய கார்களில் மூட்டைமுடிச்சுகளோடு குடும்பம் குடும்பமாகச் சென்றார்கள். நகரத்தார் அவர்களுடைய பேச்சையும் உடையையும் உணவையும் கண்டு நகைத்து, மலைக்காட்டார் என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் நாகரிகத்தின் அடையாளமென்று கற்பிக்கப்பட்ட அதே பிஸ்கட், இப்போது நாட்டுப்புறத்தானின் அடையாளமாகிவிட்டது!

எனக்கு உணவளித்த தாயாரும் அந்த ஜனத்திரளில் ஒருவர். 1953இல், திருமணமாகி ஒரே வருடத்தில், கணவருடன் டெட்ராய்ட்டுக்குச் சென்றார்கள். கணவருக்குக் கார்த் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் வேலை. காலை நான்கு மணிக்கு எழுந்து அவருக்குப் பிஸ்கட்டும் கிரேவியும் செய்து கொடுப்பார்கள். "போதகரே, வெளியே புகையும் பனியும் அந்நியரும். மேசையில் உட்கார்ந்துவிட்டால் அந்தக் கால்மணி நேரம் நாங்கள் எங்கள் மலையில் இருந்தோம்" என்று என்னிடம் சொன்னார்கள்.

மகன் ஒன்பது வயதாயிருந்தபோது நடந்ததைத் தாயும் மகனுமாகச் சேர்ந்தே எனக்கு விவரித்தார்கள். பள்ளிக்கு அவர் எடுத்துச்சென்றது இரண்டு பிஸ்கட்டும் அவற்றின் நடுவே ஒரு சாசேஜ் துண்டும். மற்றப் பிள்ளைகள் கடையில் வாங்கிய வெள்ளை ரொட்டி கொண்டுவருவார்கள். ஒருநாள் அவர்கள் இவருடைய டப்பாவைத் திறந்துபார்த்து நகைத்தார்கள். அன்றுமுதல் மதிய உணவைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பட்டினியாக இருந்தார். பத்து நாட்களுக்குப் பின்பு, மாலையில் வந்ததும் வராததுமாய்ப் பிள்ளை பானை சட்டிகளைத் தேடுவதைக் கண்டு தாய் விசாரித்தார்கள். உண்மை வெளிப்பட்டது. தந்தை கோபமூண்டு கைஓங்கினார். தாய் குறுக்கே நின்று தடுத்தார்கள்.

மறுநாள் காலை அந்தத் தாய் கடையில் வெள்ளை ரொட்டி வாங்கி, பிள்ளை கேட்டபடியே டப்பாவில் வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை காலை ஒரு முக்காலியைப் போட்டு, பிள்ளையை அதன்மேல் நிறுத்தி, கைகளை மாவுக்குள் வைத்தார்கள். "உன் முன்னோரின் உணவைக் குறித்து வெட்கப்படாதே" என்று ஒரு வார்த்தையும் போதிக்கவில்லை. "அதிகம் பிசையாதே, கடினமாகிவிடும்" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த முக்காலி அடுப்பண்டையில் வந்து நின்றது.

"ஏன் கண்டிக்கவில்லை?" என்று நான் கேட்டேன். அவர்கள் சொன்ன பதில் இது: "பள்ளிக்கூடத்தில் அவன் தனியாக நிற்கவேண்டும், போதகரே. என் வைராக்கியத்தையும் அவன் டப்பாவில் வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கு அவன் கேட்டதைக் கொடுத்தேன். வீட்டில் நம்முடையதைக் கொடுத்தேன். கையில் ஏறியது எங்கே போய்விடும்?"

அது எங்கும் போய்விடவில்லை. நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்பு, தாயின் விரல்கள் ஓய்ந்தபோது, அதே கைகள் அவர்களுக்குக் காலை ஆகாரம் ஆயத்தம்பண்ணின. நாங்கள் கைகோத்துச் ஸ்தோத்திரம் செலுத்தியபின் முதல் பிஸ்கட்டைப் பிளந்து, கிரேவி ஊற்றி, தாயின் தட்டில் வைத்துவிட்டே அவர் உட்காருவார்.

அந்த வாரத்தின் சனிக்கிழமை, அட்லாண்டா நகரில் வேலைபார்க்கும் பேத்தி வந்திருந்தாள். தன் வீட்டில் குழாய்வடிவ டப்பாவில் அடைத்து விற்கப்படும் ஆயத்த மாவையே அவள் உபயோகித்துவந்தாள். கென்டக்கியின் லூயிவில் நகரத்தவரான லைவ்லி வில்லபி என்பவர் 1931இல் காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு அது; டப்பாவைத் தட்டினால் திறந்துகொள்ளும், அப்படியே சுட்டுவிடலாம். வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு அது உதவிதான். அதை யாரும் அங்கே இகழவில்லை. ஆனால் அன்று அவள் ஒரு தராசைக் கொண்டுவந்திருந்தாள். தகப்பன் கிண்ணத்தில் இடுவதையெல்லாம் நிறுத்து, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பாட்டி புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் எழுதி முடிந்தபின், "நல்லது மகளே, எழுதியதைப் பத்திரமாக வைத்துக்கொள். இப்போது தொட்டுப்பார்" என்று, தம் கோணிய விரல்களால் அவள் கையைப் பிடித்து மாவின்மேல் வைத்தார்கள். அந்தப் பெண் சற்றுநேரம் கையை எடுக்கவில்லை. தராசு சொல்லாத ஒன்றை மாவு அவளுக்குச் சொல்லிற்று.

2014இல் அந்தத் தாயார் தம் ஓட்டத்தை முடித்தார்கள். அட்லாண்டாவில் சனிக்கிழமை காலைகளில் பேத்தி மாவு பிசைகிறாள் என்று, அவ்வருடக் கிறிஸ்துமஸ் வாழ்த்து மடலில் மகன் எழுதியிருந்தார்.

அன்பானவர்களே, இனி நம் வீடுகளுக்கு வருவோம். மும்பையில் நான் சந்திக்கிற தமிழ்க் குடும்பங்கள் அநேகம். நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து, தாராவியிலும் புறநகர்ப் பகுதிகளிலும் ஒற்றை அறையில் வாழ்வைத் தொடங்கி, இன்று அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறார்கள். அந்த உயர்வுக்காக நாம் மகிழுகிறோம். ஆனால் கருவாடு வறுக்கும் நாளில் சன்னல்களை இறுகச் சாத்துகிற தாய்மாரை நான் அறிவேன். நண்பர்கள் வருகிற நாளில் "அம்மா, இன்றைக்குக் குழம்பு வைக்காதே, வாசனை வரும்" என்று கெஞ்சுகிற பிள்ளைகளையும் அறிவேன். கேழ்வரகுக் கூழை ஊருக்குப் போனால் மட்டும் குடிக்கிறவர்கள் உண்டு. இங்கே அதன் பெயரைச் சொல்லவும் கூசுவார்கள்.

எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தீர்ப்பிடுகிறவர்கள் காலத்துக்குக் காலம் மாறுகிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானியங்களின் ஆண்டாக அறிவித்தது. நம் பாட்டிமார் பித்தளைச் சொம்பில் ஊற்றிக்கொடுத்த கேழ்வரகு இப்போது அழகிய உறையில் அடைக்கப்பட்டுப் பெருங்கடைகளில் நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. டெட்ராய்ட் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறுவனை அழவைத்த பிஸ்கட்டும் கிரேவியும் இன்று அமெரிக்க நகரங்களின் உணவகங்களில் விரும்பி வாங்கி உண்ணப்படுகிறது. ஊரார் மெச்சுகிறார்கள் என்று ஒன்றைப் பிடிப்பதும், ஊரார் நகைக்கிறார்கள் என்று அதை விடுவதும் எவ்வளவு வீணானது!

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். கடை உறையில் திரும்பி வருவது தானியம் மட்டுமே. அதைக் கட்டிதட்டாமல் கிண்டுகிற கை திரும்பி வராது. உங்கள் தாயின் கையோ மாமியாரின் கையோ ஓய்வதற்குள் இன்னொரு கைக்கு அது ஏறவேண்டும். இங்கே காலம் குறுகியது.

அமெரிக்க மலைநாட்டுக் காலை உணவை உங்கள் வீட்டில் செய்துபார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி சொல்லுகிறேன். இரண்டு கோப்பை மைதாவில் (250 கிராம்) மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, முக்கால் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ளுங்கள். குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம் உதிர்த்துவிடுங்கள். நம் மோர் மிகவும் நீர்த்தது; ஆகவே புளித்த தயிரைச் சிறிது தண்ணீர்விட்டுத் தளர்த்தி முக்கால் கோப்பையளவு சேருங்கள்; மிச்சத்தை மாவே கேட்கும். ஓவன் இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லில் மூடிவைத்து, சிறுதீயில் இருபுறமும் திருப்பிச் சுடலாம். பன்றியிறைச்சி உண்ணாதவர்கள் கோழிக் கொத்துக்கறியை உபயோகிக்கலாம். அதில் கொழுப்பு குறைவாதலால் இரண்டு கரண்டி வெண்ணெய் சேர்க்கவேண்டும். ஒரு எச்சரிப்பு: நாள்முழுதும் மரம் வெட்டினவர்களின் உணவு இது. கொழுப்பும் உப்பும் மிகுதி. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் ருசிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம்.

எனினும் உங்கள் அடுப்பில் பிஸ்கட்தான் வேகவேண்டும் என்பதில்லை. உளுந்தங்களியோ, புளிக்குழம்போ, ஆப்பமோ, உங்கள் வீட்டுக்கென்று ஒன்று இருக்கும். வருகிற சனிக்கிழமை காலை ஒரு முக்காலியை எடுத்துப் போடுங்கள். மகனானாலும் மகளானாலும் பிள்ளையை அதன்மேல் நிறுத்துங்கள். அறிவுரை வேண்டாம். ஊர்ப்பெருமையும் பேசவேண்டாம். பிள்ளையின் கையை மாவுக்குள் வைத்துவிட்டு, பக்கத்திலேயே நில்லுங்கள்.